கீபோர்டுக்குள் கித்தார்க்காரரின் கை



நமது கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் ஓர் இளைஞர் ஒரே ஒரு கீபோர்டோடு வந்து அமர்ந்து, ஓர் இசைக்குழு முழுவதும் எழுப்பும் ஓசையைத் தனியாக எழுப்பிவிடுவதைக் காண்கிறோம். முன்பு பல தோட்டங்களில் இருந்த இசைக்குழுக்களில் டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கித்தாருக்கு ஒருவர், சாதாரணக் கித்தாருக்கு ஒருவர் என்று ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர்களுடைய வேலை இன்று ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தில் விசேஷம் நடந்துவிடுகிறதே என்று பெண்ணைப் பெற்றவர்கள் ஆறுதல் கொள்வதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், “என்னமோ மிஷின் ஓடுற மாதிரி இருக்கே தம்பி” என்று சொல்லிவிட்டால், வார இறுதி வருமானத்தை நம்பியிருக்கும் அந்தப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வருவதும் வராததும் அதில் இருக்கிறது.

அப்படிச் சொல்ல வைப்பது பெரும்பாலும் கித்தார் ஓசைதான். அது ஏன், அதைச் சீர்படுத்த என்ன வழி என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் இந்தப் பெட்டியின் வேலையைத் தெரிந்துகொள்வோம். இதற்கு அரேஞ்சர் கீபோர்டு என்று பெயர். வாசிப்பவர் இடக்கையால் மூன்று நான்கு கட்டைகளை ஒன்றாக அழுத்துகிறார். அந்தச் சுரக்கூட்டைக் கார்டு என்கிறோம். எந்தக் கார்டு என்பதைப் பெட்டி உடனே கண்டுகொண்டு, அதற்கு ஏற்றபடி டிரம்ஸ், பேஸ், கித்தார் எல்லாவற்றையும் தானே வாசிக்கிறது. எப்படி வாசிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த கணக்குக்கு ஸ்டைல் என்று பெயர். யமஹா பெட்டிகளில் ஒரு ஸ்டைலுக்குள் எட்டுப் பகுதிகள் உண்டு: தாளத்துக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, கார்டுக்கு இரண்டு, பின்னணி நிரப்ப ஒன்று, சிறு சங்கதிகளுக்கு இரண்டு. பெட்டியோடு வரும் ஸ்டைல்களில் பெரும்பாலானவை மேல்நாட்டுப் பாட்டுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் பாட்டுக்கு அவை ஒட்டாமல் நிற்பதில் வியப்பில்லை.

ஒரு கித்தார்க்காரரின் வலக்கையைச் சற்றுக் கவனியுங்கள். அது நிற்பதே இல்லை. புல் வெட்டுகிறவரின் கை, கத்தி புல்லில் பட்டாலும் படாவிட்டாலும் போய்த் திரும்பிக்கொண்டே இருக்கிறதல்லவா? அதுபோல இவருடைய கையும் தாளத்தின் மேல் கீழே போகிறது, அரைத்தாளத்தில் மேலே வருகிறது. சில வீச்சுகளில் விரல் தந்தியில் படும், சிலவற்றில் படாது. இந்தப் படாத வீச்சுகள்தான் மற்றவற்றுக்கு உயிர் கொடுக்கின்றன.

பரவலாக வழங்கும் ஒரு முறையை நம் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். “தக திமி தக ஜொணு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். எட்டு எழுத்துக்கு எட்டு வீச்சு. த, தி, இரண்டாவது த, ஜொ ஆகிய நான்கும் கீழ்வீச்சு. மற்ற நான்கும் மேல்வீச்சு. இப்போது முதல் ‘க’விலும் இரண்டாவது ‘த’விலும் மட்டும் கை காற்றில் போகட்டும். மீதி ஆறும் ஒலிக்கட்டும். கேட்பவருக்குக் காலில் தானாகத் தாளம் வந்துவிடும். இந்த ஆறு ஒலிகளை மட்டும் எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே பலத்தோடு கட்டையில் குத்தினால் கிடைப்பதுதான் அந்த மிஷின் ஓசை.

திஸ்ர நடையில் கணக்கு மாறுகிறது. “தகிட தகிட” என்னும் ஆறு எழுத்துக்கும் கீழ், மேல் என்று மாறி மாறிப் போனால், இரண்டாவது ‘த’ மேல்வீச்சில் விழுந்து பலம் குன்றிவிடும். ஆகவே கித்தார்க்காரர்கள் பலரும் “கீழ் மேல் கீழ், கீழ் மேல் கீழ்” என்று ஒவ்வொரு தகிடத்தையும் கீழ்வீச்சில் தொடங்குவார்கள். ஸ்டைல் எழுதும்போதும் அப்படியே எழுத வேண்டும்.

இனி ஒரு வீச்சுக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். கட்டையில் சி கார்டு என்றால் சி, இ, ஜி மூன்றும் ஒரே கணத்தில் ஒலிக்கும். கித்தாரில் அதே கார்டுக்கு ஐந்து தந்திகள் ஒலிக்கின்றன: சி, இ, ஜி, சி, இ. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஒலிக்கும். கீழ்வீச்சில் தடித்த தந்தி முதலில். மேல்வீச்சில் மெல்லிய தந்தி முதலில். ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் இடையே விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவு இடைவெளி வைத்துப் பாருங்கள். கணினியில் எழுதுகிறவர்களுக்குக் கணக்காகச் சொல்வதானால், ஒரு தாளத்தை 480 கூறாகப் பிரித்து, நிமிடத்துக்கு 100 தாளம் ஓடவிட்டால், அந்த இடைவெளி 8 கூறு ஆகும். மெதுவான பாட்டில் இதைக் கொஞ்சம் கூட்டலாம், வேகமான பாட்டில் குறைக்கலாம். மேல்வீச்சில் எல்லாத் தந்திகளையும் எழுத வேண்டாம். மெல்லிய மூன்று போதும், பலமும் குறைவாக இருக்கட்டும். பேஸ் தனியாக ஒலிப்பதால், தடித்த தந்தியை அடிக்கடி தொடாமல் விட்டாலும் நல்லதுதான்.

அடுத்து வருவது பலருக்கும் புரியாத இடம். வாசிப்பவர் சியிலிருந்து ஜிக்கு மாறும்போது பெட்டி என்ன செய்யும்? பழைய முறையில், சி கார்டின் சுரங்களை அப்படியே தூக்கி ஜிக்கு நகர்த்தும். கித்தார்க்காரர் அப்படிச் செய்வதில்லை. அவர் விரல்களை வேறு இடத்தில் வைத்து, ஆறு தந்திகளிலும் ஜி, பி, டி, ஜி, பி, ஜி என்று புதிய வரிசையை ஒலிக்க வைக்கிறார். இந்த வேறுபாட்டைக் கருதித்தான் யமஹா நிறுவனம் 2008இல் வெளிவந்த டைரோஸ் 3 பெட்டியோடு ஸ்டைல் அமைப்பையே விரிவாக்கியது. கித்தார் என்றே ஒரு தனி விதி அதில் உண்டு. அதைத் தேர்ந்துகொண்டால், கார்டு மாறும்போது கித்தாரில் விரல் வைக்கும் முறைக்கு நெருங்கியபடி சுரங்கள் இடம் மாறும். அதற்குள்ளும் ஸ்ட்ரோக், ஆர்பெஜியோ என்று பிரிவுகள் உண்டு. கை வீசி மீட்டுவதற்கு ஸ்ட்ரோக். தந்திகளை ஒவ்வொன்றாகச் சுண்டி வாசிப்பதற்கு ஆர்பெஜியோ. 1982இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் ‘இளைய நிலா’ பாட்டை நினைத்துக்கொண்டால் இரண்டாவது வகை எது என்று விளங்கிவிடும். ஸ்ட்ரோக்கில் சில சுரங்கள் அமுங்கினாற்போல் கேட்டால் பெட்டி பழுது என்று எண்ண வேண்டாம். மீட்டும் கையில் அப்படித்தான் நடக்கும்.

பதிவு செய்வதற்கு முன், எந்தக் கார்டை வைத்து வாசிக்கப் போகிறோம் என்று பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் எதுவும் மாற்றாவிட்டால் சி மேஜர் செவன்த் என்று அது எடுத்துக்கொள்ளும். கார்டுப் பகுதியில் சி, இ, ஜி, பி தவிர வேறு சுரம் புகுந்தால், பாட்டின் நடுவே கார்டு மாறும்போது அது அபசுரமாக வந்து நிற்கும். முன்னிசையிலும் முடிவிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

குரலைத் தேர்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2002இல் வந்த முதல் டைரோஸிலிருந்து மெகா வாய்ஸ் என்னும் கித்தார்க் குரல்கள் இருக்கின்றன. கட்டையை அழுத்தும் பலத்தை இப்பெட்டிகள் 1 முதல் 127 வரை எண்ணால் அளக்கின்றன. மெகா வாய்ஸில் இந்த எண் ஓசையின் அளவை மட்டும் குறிப்பதில்லை. குறைந்த எண்களில் தந்தி திறந்து ஒலிக்கும். எண் ஏற ஏற உள்ளங்கையால் அடைத்த ஒலி, விரல் வழுக்கும் ஒலி என்று வேறு வேறு சத்தங்கள் வரும். ஆகையால் இதைக் கையால் நேரே வாசித்துப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் சாதாரண ஸ்டீல் கித்தார்க் குரலில் எழுதுவதே மேல். இன்னொன்று, மெகா வாய்ஸில் எழுதியதை வேறு குரலுக்கு மாற்றினால் எல்லாம் கலைந்துபோகும். நண்பரிடமிருந்து வாங்கிய ஸ்டைல் நம் பெட்டியில் கோமாளித்தனமாக ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவும் தேவையில்லை. பெட்டியிலேயே உள்ள, நம் பாட்டுக்கு நெருங்கிய ஒரு ஸ்டைலை எடுத்து, டிரம்ஸையும் பேஸையும் அப்படியே வைத்துக்கொண்டு, கித்தார்ப் பகுதியை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். ஒரே ஒரு தாளவட்டம் எழுதி அதையே ஓடவிட்டால் சலிப்புத் தட்டும். நான்கு வட்டம் எழுதி, நான்காவதில் மட்டும் ஒரு வீச்சைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். வட்டத்தின் கடைசி மேல்வீச்சு மிக மெல்லியதாகவோ, சுரம் தெளியாத அடைத்த ஒலியாகவோ இருக்கட்டும். கித்தார்க்காரர் அந்த நேரத்தில் அடுத்த கார்டுக்காக விரலைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

பெட்டி வாங்கப்போகும் பெற்றோர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் பழகுவதற்கென்று விற்கும் குறைந்த விலைப் பெட்டிகளில் ஸ்டைல் ஆக்கும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. ஸ்டைல் கிரியேட்டர் உண்டா என்று கடையில் பெயர் சொல்லியே கேட்கலாம்.

எழுதி முடித்ததும் டிரம்ஸை நிறுத்திவிட்டுக் கித்தாரை மட்டும் ஓடவிடுங்கள். தாளம் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய இசைக்குழுவில் கித்தார் வாசித்த மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இருந்தால், அவரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். தந்திகளை இடக்கையால் அமுக்கிக்கொண்டு, சுரமில்லாமல் வெறும் வீச்சை மட்டும் அவர் ஒரு நிமிடம் வாசித்தால் போதும். கைபேசியில் அதைப் பதிந்து வைத்துக்கொண்டு, எந்த வீச்சு காற்றில் போகிறது, எது பலமாக விழுகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதலாம்.