எஞ்சின் பெருத்தது, அச்சுப் பொறுக்குமோ?

வாகரையின் மணல் ஒழுங்கைகளைக் கடந்து தார்த்தெருவில் ஏறுவதே மோட்டார் வண்டிக்கு ஒரு பரீட்சையாகும். மாரி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், ஒரு மாலை வேளையில், என் அயல்வீட்டுத் தம்பி ஒருவர் காய்ச்சலால் வாடிய தம் தாயாரைப் பின்னாசனத்தில் இருத்தி வாழைச்சேனை வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். அவருடைய வண்டி தந்தையார் காலத்து 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு பின்சில்லு மணலிற் புதைந்து சுழன்றது. அவர் இன்னும் அழுத்தி மிதித்தார். மணலைக் கிளறிய சில்லு அடியிலிருந்த கிறவலைச் சட்டெனப் பற்றிய கணத்தில் 'டக்' என்றோர் ஓசை எழுந்தது. எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது, வண்டி அசையவில்லை. தாயாரை முச்சக்கர வண்டி ஒன்றில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. நல்லவேளையாக அவர் சில நாட்களிற் சுகமடைந்து வீடு திரும்பினார்.

மறுநாள் வந்த முதிய மெக்கானிக், வண்டியின் கீழே ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "மனே, எஞ்சினைப் பெலமாக்கினாய், எக்ஸிலுக்கு அதைச் சொன்னாயோ?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். தம்பி பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, டட்சன் 1200 வண்டியின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பூட்டியிருந்தார். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டபோதிலும், புதிய காரின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவதாயில்லை. பழைய வண்டிக்குப் புதிய உயிர் கொடுக்கும் ஆசையில் தவறில்லை. ஆனால் உயிர் ஊட்டியவர் எலும்பை எண்ணிப் பார்க்கவில்லை.

1948 ஒக்டோபரில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். தம்பியின் வண்டியில் ஆதியில் இருந்தது 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அதன் வலு 37 குதிரைத்திறன். முறுக்கு விசை ஏறத்தாழ 50 இறாத்தல்-அடி. இவ்விசை அப்படியே சில்லுக்குச் செல்வதில்லை. முதலாம் கியர் அதனை ஏறத்தாழ 3.63 மடங்காக்குகிறது, பின்னச்சின் பற்சக்கரங்கள் மேலும் 4.55 மடங்காக்குகின்றன. ஆக, பின்னச்சை வந்தடைவது ஏறத்தாழ 826 இறாத்தல்-அடி. டட்சன் எஞ்சினின் விசையோ 70. அதன் முதலாம் கியர் 3.75. அதே பின்னச்சை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1195 வருகிறது. நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு பாரம் கூடியும், தாங்குகின்ற இரும்பு 1958ஆம் ஆண்டு இரும்பாகவே இருந்தது!

முறிந்தது எது? எஞ்சினிலிருந்து வரும் விசையை நடுவிலுள்ள டிபரென்சல் இரண்டாகப் பகிர்ந்து, இடமும் வலமுமாக இரு தண்டுகள் வழியே சில்லுகளுக்கு அனுப்புகிறது. கராச்சுகளில் 'ஹாப் சாப்ட்' எனப்படும் இவ்வரைத்தண்டுகளே மைனரின் மெலிந்த இடம். டிபரென்சலுள் நுழையும் பல்வெட்டுக்கு அருகிலேயே அவை பெரும்பாலும் ஒடிகின்றன. தம்பியின் தண்டும் அங்கேதான் ஒடிந்தது.

முறிந்த முகத்தை அம்மெக்கானிக் வெயிலிற் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி வரி வரியாக, அலை வாங்கிய கடற்கரை மணல்போல ஒரு பகுதி. எஞ்சியது கரகரப்பான புது முறிவு. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சும் பாரம் அளவு மிஞ்சினால் முறியும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்திற் கூறியிருப்பதை நாம் அறிவோம். மோட்டார் அச்சுக்கு மற்றொரு நோயும் உண்டு. ஒரு துருப்புள்ளியிலோ கீறலிலோ தொடங்கும் வெடிப்பு, ஒவ்வொரு முறுக்கலிலும் மயிரிழையளவு வளர்ந்து, ஒருநாள் சிறு உதறலில் முடிவெய்துகிறது. மாரியில் வெள்ளம் கடக்கும் நம் பகுதி வண்டிகளுக்கு இந்நோய் எளிதில் வரும். ஓடிச் சூடேறிய ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சுகிறது; கியர் எண்ணெய் பாலாக வெளுக்கிறது; தண்டிலே துரு பிடிக்கிறது. வெள்ளத்தில் இறங்கிய வண்டியின் பின்னச்சு எண்ணெயை உடனே மாற்றாதவர், அதன் பலனைக் கோடையிலே காண்பார்.

இனி என்ன செய்வது? தம்பியின் முன் இரு வழிகள் இருந்தன.

முதலாவது, எஞ்சின் வந்த அதே டட்சன் வண்டியின் முழுப் பின்னச்சையும் பூட்டுவது. அதன் தண்டுகள் தடித்தவை. பற்சக்கர விகிதம் 3.9 ஆதலால், அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழிலொரு பங்கு குறைவாகச் சுழன்றாற் போதும். இளைஞர்கள் பலர் இதையே விரும்புவர். அவர்கள் வேலையைத் தொடங்குமுன் அளவுநாடாவை எடுக்கட்டும். சில்லுப் பூட்டும் முகங்களுக்கிடையிலான அகலம் ஒத்துவருகிறதா? ஒத்துவராவிடின் ரயர் மட்காட்டில் உரசும். வில்தட்டுகள் அமரும் இருக்கைகளை வெட்டிப் புதிதாக ஒட்டவேண்டும். சமதரையில் வண்டி தன் முழுப் பாரத்தோடு நிற்கும்போது, அச்சின் பினியன் கியர்ப் பெட்டியின் தண்டுக்கு இணையாக அமையும் கோணத்தைக் குறித்து, முதலிற் புள்ளி ஒட்டு மாத்திரம் வைத்து, மீண்டும் அளந்த பின்னரே முழுதும் ஒட்டுதல் வேண்டும். ஒரே மூச்சாக ஒட்டினால் வெப்பத்தால் ஹவுசிங் வளையும். வளைந்த ஹவுசிங்கிற் பேரிங்கும் எண்ணெய்ச் சீலும் நெடுநாள் நில்லா. புரொப்பெலர் சாப்டைப் புதிய நீளத்துக்கு வெட்டிச் சமநிலை பார்ப்பது கடைசல் பட்டறைக்காரருடைய வேலை. வீட்டு முற்றத்து வேலையன்று.

பிறேக்கையும் மறத்தலாகாது. புதிய அச்சின் பிறேக் சிலிண்டர்கள் பெரியவையானால், அவசரத்தில் மிதிக்கும்போது பின்சில்லுகள் முன்சில்லுகளுக்கு முன்னே இறுகி நின்றுவிடும். ஈரத்தெருவில் வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டு. என் மனத்தில் தைத்தது வேறு இரு விஷயங்கள். மைனரின் சில்லு ஆணிகள் நான்கும் 101.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை, டட்சனுடையவை 114.3. எனவே முன்சில்லு பின்னுக்கும், பின்சில்லு முன்னுக்கும் உதவா. மாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே, இரவிலே, கையிலிருக்கும் ஒரே மேலதிகச் சில்லு எந்தப் பக்கத்துக்கு உரியது என்று யோசிப்பது நல்ல யோசனையா?

மற்றையது இதனினும் பெரிது. மைனர் 1000 வண்டியிற் சில்லின் பாரத்தைத் தாங்குவது ஹவுசிங்கின் முனையிலுள்ள பேரிங். அரைத்தண்டு விசையை மாத்திரம் கொண்டு செல்கிறது. ஆகவே தண்டு ஒடிந்தாலும் சில்லு தன் இடத்தில் நிற்கும். வண்டி ஓடாதே தவிர, பிறேக் பிடிக்கும். யப்பானிய அச்சிலோ சில்லு தண்டின் நுனியிலேயே பூட்டப்பட்டுள்ளது. அது எளிதில் முறியாது, உண்மை. ஆனால் பேரிங்குக்கு வெளியே முறிந்துவிட்டாற் சில்லும் பிறேக் உருளையும் சேர்ந்து கழன்று தெருவில் ஓடும். வலிமை எவ்வளவு என்று கேட்பவர், முறிந்தால் என்ன நேரும் என்பதையும் கேட்டாக வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய அச்சைப் பூட்டுவோர், தண்டை உருவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துச் சுண்ணாம்புக்கட்டித் தூள் பூசிப் பார்க்கட்டும். வெடிப்பிருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து கருங்கோடு காட்டும். அத்தகைய தண்டை ஒட்டித் திருத்துவது மடமை.

இரண்டாவது வழி, இருக்கும் ஹவுசிங்கையே வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை மாற்றுவது. நிக்கல், குரோமியம், மொலிப்தினம் கலந்த எஃகிற் செய்த அரைத்தண்டுகள் மைனருக்கென்றே கிடைக்கின்றன. எம். ஜி. மிட்ஜெற் காரின் 3.9 விகித டிபரென்சல் மைனர் ஹவுசிங்கில் அப்படியே அமரும். 4.55 இலிருந்து 3.9க்கு இறங்கினால், முன்பு 1195 ஆயிருந்த விசை ஏறத்தாழ 1025க்கு வந்துவிடுகிறது. இது தண்டுகளுக்கு ஒரு பெரிய ஆறுதல். மேட்டில் ஏறும்போது சற்றுச் சோம்பல் தோன்றும். வாகரையில் மேடு எங்கே இருக்கிறது?

நுவரெலியாவிலே 1934இல் ஆரம்பமான மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றில் நின்ற இடத்திலிருந்து பாய விரும்புவோருக்கு இது போதாது. அவர்கள் முழு அச்சையும் மாற்றுவதே அறிவு. அகன்ற ரயர் பூட்டுவோருக்கும் அதே எச்சரிக்கை: தெருவை இறுகப் பற்றாத மெல்லிய ரயர் சறுக்கித் தண்டைக் காக்கும், அகன்ற ரயர் சறுக்காமல் தண்டைத் தண்டிக்கும்.

தம்பி இரண்டாவது வழியையே தெரிந்துகொண்டார். வேலை இரண்டு நாளில் முடிந்தது. அதில் அரைநாள், டிபரென்சலுள் சிக்கிய முறிந்த முனையை வெளியே எடுத்து, ஹவுசிங்குள் சிதறிய இரும்புத் துகள்களைக் கழுவுவதிற் கழிந்தது. இதிற் சோம்பினாற் புதிய பேரிங்குகள் ஒரு மாதமும் தாங்கா. புது எண்ணெய் ஊற்றி, காற்றுப்போக்கித் துளையின் அடைப்பை நீக்கி, பிறேக்கைச் சோதித்து, ஆளில்லாத நேரத்தில் கதிரவெளிப் பக்கமாக ஓட்டிப் பார்த்தார்கள். நூறு கிலோமீற்றர் ஓடியபின் 'யூ' போல்ட்டுகளை மீண்டும் முறுக்கினார்கள். எஞ்சின் மாற்றத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி பதிவு செய்யும்படியும் அம்மெக்கானிக் வற்புறுத்தினார்.

மணலிற் சில்லு சுழன்றால் தம்பி இப்பொழுது மிதிப்பதில்லை. இறங்கித் தென்னோலை மட்டையைச் சில்லுக்கு அடியிற் செருகுகிறார். முறிந்த அரைத்தண்டு அவர் வீட்டுக் கொல்லையில், தாயாரின் வெள்ளாட்டைக் கட்டும் முளையாக நிற்கிறது.