ஒரு மருந்து போதாதபோது

மைசூரில் நம் அண்டை வீட்டில் வாழும் தமிழ் அம்மையார் ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்காக வாரந்தோறும் மருந்தேற்றிக்கொண்டு வருகிறார். "மூன்று வாரத்திலேயே கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை, பின்னும் எதற்கு இத்தனை மருந்து?" என்று அவர் அண்மையில் வினவினார். உறவினர் துணையின்றி அயலூரில் மருத்துவமனைக்கு அலையும் குடும்பங்களில் இவ்வினா எழுவது இயல்பே. விடை காண இவ்வூரின் பழங்கதையொன்று உதவும்.

கிருஷ்ணராஜ சாகரம் செல்லும் சாலையில் க்ஷயரோக மருத்துவமனை ஒன்று உண்டு. அந்நோயால் மறைந்த இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் நினைவாக, உடன்பிறந்தாரான நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அமைத்தது அது. அந்நாளில் நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சை. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதனைத் தனியே கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். ஆயினும் பலருக்குச் சில திங்களில் நோய் மீண்டது. ஏனெனில், கோடிக்கணக்கான கிருமிகளுள் அம்மருந்துக்கு அசையாதவை சில முன்னரே இருந்தன; மற்றவை மடிந்ததும் இவை பெருகின. வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பின்னரே நிலைமை மாறிற்று. ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்கும் தப்புவது அரிதன்றோ?

புற்றுநோயிலும் இதுவே நிகழ்கிறது. 'மருந்தெதிர்ப்பு' என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் சற்றே மயக்கம் தருவது. நோயாளியின் உடம்பு மருந்தை ஏற்கவில்லை என்று பலர் கருதிவிடுகின்றனர். எதிர்ப்பது உடம்பன்று, புற்றணு. உட்புகுந்த மருந்தைச் சில புற்றணுக்கள் வெளியே இறைத்துத் தள்ளும். சில, மருந்து சிதைத்த மரபுப்பொருளைச் செப்பனிட்டுக்கொள்ளும். சுண்டைக்காயளவு கட்டியிலும் புற்றணுக்கள் கோடிக்கணக்கில் உள்ளன. ஆதலின் கைக்குத் தட்டுப்படாமை நோயின்மை ஆகாது.

மார்பகப் புற்றுநோயில் 'டிரிபிள் நெகட்டிவ்' என்னும் வகை கடுமையானது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகியவற்றுக்குரிய மூன்று ஏற்பிகளும் அதில் இல்லாமையால், அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் பயன்படா. மேல்நாடுகளைக் காட்டிலும் நம் நாட்டில் இதன் விகிதம் மிகுதி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இந்நோயுற்ற 720 பெண்களிடம் நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. அறுவைக்கு முன் அனைவருக்கும் முதலில் பாக்லிடாக்செல், பின்னர் வேறிரு மருந்துகள் இணைத்து அளிக்கப்பட்டன. பாதிப்பேருக்குப் பாக்லிடாக்செலுடன் கார்போபிளாட்டினும் சேர்க்கப்பட்டது. முன்னது உயிரணுப் பிரிவைத் தடுப்பது. பின்னது மரபுப்பொருளின் இழைகளைப் பிணைத்து முடக்குவது. இவ்வகைப் புற்றணுக்கள் பலவற்றிற்கு அச்சிதைவைச் செப்பனிடும் ஆற்றல் குறைவு.

ஐம்பது வயதுக்கு உட்பட்டோரில், ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடனிருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 66-லிருந்து 77 ஆக உயர்ந்தனர். ஐம்பதைக் கடந்தோரிடம் அத்தகைய நன்மை புலப்படவில்லை என்பதையும் மறைத்தலாகாது. நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகளும் இன்று உள்ளன. அவற்றின் விலையோ நம்மில் பலரை மலைக்கவைப்பது. கார்போபிளாட்டின் 1980-களிலேயே புழக்கத்துக்கு வந்த பழைய மருந்து, விலையும் எட்டக்கூடியது. இதனாலேயே மும்பை முடிவை நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

கூட்டு மருந்துக்கு விலையும் உண்டு: வெள்ளணுக்கள் குறையும், காய்ச்சல் கண்டால் இரவாயினும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அம்மையார் இன்று இரத்தப் பரிசோதனைக்குச் சென்றிருக்கிறார். எண்ணிக்கை குறைந்திருப்பின் அடுத்த ஊசியைச் சில நாள் தள்ளிவைப்பர். அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார்.