சத்தமில்லாத படகும் பாடும் திமிங்கலமும்

ரீல்ஸில் அடிக்கடி வரும் காட்சிதான். நீலக் கடல், வெள்ளைப் பாய், படகின் முன்பக்கத்து வலையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு ஜோடி. பையன் பாக்கெட்டிலிருந்து மோதிரத்தை எடுக்கிறான். பின்னால் ஒரு திமிங்கலம் முழு உடம்போடு துள்ளி விழுகிறது. "எடிட்டிங்டா இது" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம். ஆனால் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மௌயியில், டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இது நிஜமாகவே நடக்கக்கூடியது. அங்கே ஒரு பாய்மரப் படகை, கேப்டனோடு சேர்த்து, ரெண்டு மணி நேரத்துக்கோ அரை நாளுக்கோ முழுசாக வாடகைக்குப் பிடிக்கலாம். காதலைச் சொல்ல, கல்யாண நாள் கொண்டாட, அப்பாவின் அறுபதாவது பிறந்த நாளுக்கு, இல்லை சும்மா திமிங்கலம் பார்க்க. எதற்கு வேண்டுமானாலும்.

அரியர் ஃபீஸ் கட்டவே யோசிக்கிற நமக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். போகாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ரெண்டு மணி நேரப் பயணத்துக்குள்ள நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்தது பாதி இருக்கு. கூடவே ஒரு சிக்கலும் இருக்கு. இந்தப் பயணங்களை விற்கும்போது பெரிதாகச் சொல்லப்படுவது 'அமைதி'. இன்ஜின் சத்தம் கிடையாது, காற்றும் அலையும் மட்டும்தான் என்பார்கள். அந்த அமைதி நமக்கு நல்லது. திமிங்கலத்துக்கும் நல்லதா? சட்டென்று 'ஆமாம்' சொல்லிவிட முடியாத கேள்வி இது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மௌயி, லானாய், மொலோகாய், கஹோலாவே நான்கும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகக் காலங்களில் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்தவை. அதனால் நடுவில் இருக்கும் கடலுக்கு ஆழம் குறைவு. சுற்றிலும் மலைகள் மறைப்பதால் பெரிய அலையும் குறைவு. கூனல் திமிங்கலம், அதாவது ஹம்ப்பேக், கோடையில் அலாஸ்கா பக்கம் வயிறு நிறையத் தின்றுவிட்டு சுமார் 4,800 கி.மீ. நீந்தி இங்கே வருகிறது. இணை சேர்வது, குட்டி போடுவது, பால் கொடுப்பது எல்லாம் இங்கேதான்.

காற்றுக்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று மௌயியில் ரெண்டு மலைத் தொகுதிகளில் மோதுகிறது. ஒரு பக்கம் 3,055 மீட்டர் ஹலேயாகலா, இன்னொரு பக்கம் மேற்கு மௌயி மலைகள். நடுவில் தாழ்வான நிலப்பகுதி. கன்டினியூட்டி ஈக்வேஷன் ஞாபகம் இருக்கா? பரப்பு குறைந்தால் வேகம் கூடும். அதேதான். காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்து, மறுமுனையில் இருக்கும் மாலேயா துறைமுகத்துக்கு வேகம் பிடித்து வருகிறது. மலைக்கு மறைவில் இருக்கும் லஹைனா பக்கமோ கடல் அமைதியாகக் கிடக்கும். பல தலைமுறையாகப் படகுகள் லஹைனாவிலிருந்துதான் கிளம்பின. 19ஆம் நூற்றாண்டில் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் வந்து தங்கிய ஊரும் அதுவே. 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி காட்டுத்தீயில் அந்த ஊர் எரிந்தது. துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகளும் தப்பவில்லை. மாலேயாவும் கானபாலி கடற்கரையும் மற்ற புறப்படும் இடங்கள்.

தனிப் படகு விளம்பரங்களில் 'ஆறு பேர் வரை' என்று அடிக்கடி பார்ப்பீங்க. இது சொகுசுக்காக வைத்த எண் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதிப்படி, கட்டணம் வாங்கி ஆறு பயணிகள் வரை ஏற்றும் சிறு படகுக்கு உரிமம் பெற்ற கேப்டன் இருந்தால் போதும். ஏழாவது ஆள் ஏறினால், படகே பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஆறு பேர் படகுக்கு அங்கே 'சிக்ஸ் பேக்' என்று பேர். (ஜிம் சமாச்சாரம் இல்லை.)

படகில் ரெண்டு வகை. ஒற்றை உடல் கொண்ட மோனோஹல், இரட்டை உடல் கொண்ட கேட்டமரான். மோனோஹல் காற்றடித்தால் ஒரு பக்கமாகச் சாயும். அடியில் தொங்கும் கனமான கீல் அதை நிமிர்த்தும். பாய்மரப் பயணத்தின் உண்மையான உணர்வு அதில்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பட்டுப் புடவையோ கவுனோ கட்டிய மணப்பெண்ணை இருபது டிகிரி சாய்ந்த தளத்தில் நிற்கச் சொல்ல முடியாதே. அதனால் கொண்டாட்டம் என்றால் பெரும்பாலும் கேட்டமரான்தான். அது ஏன் சாய்வதில்லை? மிதக்கும் பொருளின் நிலைத்தன்மைக்கு மெட்டாசென்டர் உயரம் பார்ப்போம் இல்லையா, அங்கே வரும் பிஎம் என்பது நீர்மட்டப் பரப்பின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவை, இடம்பெயர்த்த நீரின் கன அளவால் வகுத்தது. ரெண்டு ஒல்லி உடலை நாலைந்து மீட்டர் தள்ளித் தள்ளி வைத்தால், பேரலல் ஆக்ஸிஸ் தியரம் தரும் அந்தத் தூரத்தின் வர்க்கம் இனர்ஷியாவை எங்கோ கொண்டுபோய்விடும். கேக் மேல் வைத்த மெழுகுவத்திகூட நேராக நிற்கும். ஒரே குறை, கேட்டமரான் எப்போதாவது கவிழ்ந்துவிட்டால் தானாக நிமிராது. கீல் உள்ள மோனோஹல் நிமிர்ந்துவிடும்.

கேட்டமரான் என்ற பேர் நம்ம கட்டுமரத்திலிருந்து போனது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேர் மட்டும்தான் நம்முடையது. நம்மூர்க் கட்டுமரம் மரங்களைச் சேர்த்து வரிந்து கட்டியது, அதற்கு இரட்டை உடல் கிடையாது. இரட்டை உடல் படகு பாலினேசியர்களின் கண்டுபிடிப்பு. 1976இல் ஹோகுலேஆ என்ற இரட்டைப் படகு, கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே ஹவாயிலிருந்து தாஹிதி போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1947இல், வூடி பிரௌன் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து ஹவாயில் மனு காய் என்ற நவீன கேட்டமரானைக் கட்டினார். பிரௌன் கிளைடர் விமானம் ஓட்டியவர். விமானத்தின் எடைக் கணக்கைப் படகுக்குக் கொண்டுவந்தார். இன்று ஹவாய்க் கரையில் ஆட்களை ஏற்றிப்போகும் கேட்டமரான்கள் அந்த வழியில் வந்தவைதான். ஏரோ டிபார்ட்மென்ட் ஆட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்த அமைதிக்கு வருவோம்.

மோட்டார் படகில் பெரிய சத்தம் இன்ஜினிலிருந்து மட்டும் வருவதில்லை. புரொப்பல்லர் வேகமாகச் சுழலும்போது இறக்கையின் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. கேவிடேஷன். பம்ப் பாடத்தில் வரும் அதே வில்லன். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கும் மேல். தாழ்ந்த அதிர்வெண் ஒலி வெகுதூரம் போகும். பாய் விரித்து இன்ஜினை நிறுத்தியதும் இந்தச் சத்தம் போய்விடுகிறது.

போனதும் என்ன கேட்கும்? ஹைட்ரோஃபோன் என்ற நீருக்கடி மைக்கைக் கயிற்றில் இறக்கி, ஸ்பீக்கரில் போடுவார்கள். முனகல், கதவு கிறீச்சிடுவது மாதிரி ஒன்று, திடீரென்று மேலே எழும் ஊளை. ஆண் ஹம்ப்பேக்குகளின் பாட்டு அது. சும்மா சத்தம் இல்லை, ஒரு ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருவது என்று ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு பாட்டு பத்து இருபது நிமிஷம் போகலாம், அதையே மணிக்கணக்காகப் பாடும். ஒரு பகுதியில் இருக்கும் ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடும், வருஷம் போகப் போக அது மாறிக்கொண்டே வரும். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்கத் தட்டிலும் இந்தப் பாட்டு இருக்கிறது. எனக்குத் தெரிந்து, மோதிரம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல பின்னணி இசையை எந்த இசையமைப்பாளரும் போட்டதில்லை.

ஆராய்ச்சியாளர்களும் இதே காரணத்துக்காகப் பாய்ப்படகைத் தேடியிருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஹால் வைட்ஹெட் குழு, டியூலிப் என்ற பத்து மீட்டர் பாய்ப்படகில் இலங்கையைச் சுற்றித் திமிங்கலங்களை ஆராய்ந்தது. திருகோணமலைக் கடலில் கரைக்குப் பக்கத்திலேயே நீலத் திமிங்கலங்கள் இருப்பதை வெளியுலகம் கவனித்தது அந்தக் காலத்தில்தான்.

சரி, அப்போ சிக்கல் எங்கே? நமக்குக் கேட்கும் அதே அமைதி, திமிங்கலத்துக்கு 'இங்கே எதுவும் இல்லை' என்ற தகவல். பாயில் ஓடும் படகு வருவது அதற்குத் தெரியாமலே போகலாம். அதுவும் குட்டிக்கு. தாய் அடியில் பத்து பதினைந்து நிமிஷம் அசையாமல் ஓய்வெடுக்கும். குட்டியால் அவ்வளவு நேரம் மூச்சடக்க முடியாது, மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தனியாக மேலே வரும். அனுபவம் இல்லாத, சின்ன, நீர்மட்டத்தில் சரியாகத் தெரியாத உருவம். ஹவாயில் 1975 முதல் 2011 வரை பதிவான படகு மோதல்களை ஆராய்ந்தபோது, அடிபட்டதில் பாதிக்கு மேல் குட்டிகளும் வளராத இளசுகளும்தான்.

'பாய்ப்படகு மெதுவாத்தானே போகும்' என்று தோன்றும். கணக்குப் போடலாம். பத்து டன் படகு, எட்டு நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 15 கி.மீ. நம்ம சைக்கிள் வேகம்தான். ஆனால் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 85 கிலோ ஜூல். ஒரு டன் கார் மணிக்கு 47 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். எதிரே 90 மீட்டரில் குட்டி தலைதூக்கினால் கேப்டனிடம் இருப்பது 22 வினாடி. பாய்ப்படகுக்கு பிரேக் கிடையாது. பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை விடணும், இல்லை படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பணும். விருந்தாளிகள் கையில் கிளாஸோடு தளத்தில் நிற்கும்போது இதைச் செய்து பாருங்க.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஹவாயில் ஹம்ப்பேக்குக்கு 100 கெஜத்துக்குள், அதாவது 91 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. அது போகும் வழியில் முன்கூட்டியே போய்க் காத்து நிற்பதும் குற்றம். பாய்ப்படகுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. இந்தத் தூரம் மோதலைத் தடுக்க மட்டும் இல்லை. தாய்க்கு இங்கே சாப்பாடு கிடையாது. அலாஸ்காவில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் பாலும் கொடுக்கணும், திரும்பிப் போகவும் வேணும். படகுக்குப் பயந்து ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறது. நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு நடுவில் அதற்கு மெஸ் இல்லை.

திமிங்கலமே தேடி வந்தால் கதை வேறு. அதுவும் நடக்கும், படகைச் சுற்றிச் சுற்றி வந்து வேடிக்கை பார்க்கும். அப்போது படகு நகராமல் அது போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கேப்டன்கள் இதை 'வழிப்பறி' என்ற அர்த்தத்தில் 'மக்கிங்' என்பார்கள். சூரிய அஸ்தமன டின்னர் தள்ளிப்போய்விடும், யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

அப்போ பாய்ப்படகு வேண்டாமா? என் கணக்கில் பாய்ப்படகேதான் வேணும், ஆனால் கண்ணுக்கு வேலை கொடுக்கும் பாய்ப்படகு. திமிங்கலங்கள் இருக்கும் இடத்தில் சில கேப்டன்கள் பாயைச் சுருக்கி வேகத்தைக் குறைப்பார்கள், சிலர் இன்ஜினை நியூட்ரலில் மெதுவாக ஓடவிடுவார்கள், படகு இருப்பது தெரியட்டும் என்று. சத்தம் கேட்டால் குட்டி விலகிவிடும் என்று நிச்சயம் இல்லை. வேகக் குறைப்புதான் நம்பகமானது. வேகம் பாதியானால் ஆற்றல் நாலில் ஒரு பங்கு, நேரம் ரெண்டு மடங்கு. அதனால் புக் பண்ணும்போது கேட்க வேண்டியது சாப்பாட்டு மெனுவை மட்டும் இல்லை. கேப்டனைத் தவிர முன்னால் நின்று கடலைப் பார்க்க இன்னொரு ஆள் உண்டா? திமிங்கல சீசனில் எவ்வளவு வேகத்தில் ஓட்டுவீங்க? ஹைட்ரோஃபோன் இருக்கா? முதல் ரெண்டு கேள்விக்குத் தயங்குபவரிடம் மூன்றாவதைக் கேட்கத் தேவையில்லை.

கல்யாணம் பண்ணப் போகிறவர்களுக்கு ஒன்று. கப்பல் கேப்டன் சேர்த்துவைத்தாலே கல்யாணம் செல்லும் என்பது சினிமா. ஹவாயில் மாநில உரிமம் பெற்றவர் நடத்தி வைக்கணும், ஜோடியும் முன்பே திருமண உரிமம் எடுத்திருக்கணும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது லேபிளைப் பாருங்க. பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றை விற்க 2021 ஜனவரி முதல் அங்கே தடை.

நேரம் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேணும். ரொமான்ஸ் என்றால் எல்லோரும் கேட்பது சூரிய அஸ்தமனப் பயணம். மேற்கே பார்த்த கடலில் அந்த நேரம் தண்ணீர் முழுக்கப் பளபளப்பு. திமிங்கலத்தின் மூச்சுப் புகையும் தெரியாது, குட்டியின் முதுகும் தெரியாது, திரும்பும்போது இருட்டு வேறு. காலையில் காற்று குறைவு, வெள்ளை அலை குறைவு, ரெண்டு கி.மீ. தள்ளி எழும் மூச்சுகூடக் கண்ணில் படும். ஃபோட்டோவுக்கு மாலை, திமிங்கலத்துக்குக் காலை. ஒரே பயணம்தான் முடியும் என்றால், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஒரு காலை எட்டு மணிப் படகு.