கயிற்றை அவிழ்க்கும் வேளை

நாய்க்குட்டியை முதன்முதலாகக் கயிறில்லாமல் விடுவது ஒரு பெரிய காரியமா என்று நேயர்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். கிராமத்து நாய்க்கு எந்தக் காலத்தில் கயிறு இருந்தது? தெருவிலே பிறந்து, தெருவிலே வளர்ந்து, பழைய சோறு வைக்கும் வீட்டுத் திண்ணையைத் தன் ராஜ்யமாகக் கொண்டு வாழ்ந்த பிராணி அல்லவா அது! வாஸ்தவந்தான். ஆனால் அந்த நாளில் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே நான்கு வழிச் சாலை கிடையாது. அதில் இரவும் பகலும் லாரிகள் பறந்ததும் கிடையாது. ஸ்ரீமான்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வருவதற்கு முன், சிவகாசி மழையை எதிர்பார்த்து வாடிய ஒரு கரிசல் பூமி. பிறகு தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் ஒரு குட்டியை அவிழ்த்து விடுகிறவன், சாலையையும் வெடியையும் எண்ணிப் பார்க்காமல் அவிழ்க்க முடியாது.

இதிலே ஒரு விசேஷம் உண்டு. நமது தேசத்தின் பேர்பெற்ற நாய்களில் இரண்டு ஜாதிகள் இந்த ஒரே ஜில்லாவின் ஊர்ப்பெயர்களைத் தாங்கியிருக்கின்றன. மேற்கு மலையடிவாரத்து இராஜபாளையம் ஒன்று. சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை மற்றொன்று. முன்னது பால் போன்ற வெள்ளை உடல், ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண்கள் கொண்டது. பின்னது ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களுமாக, வில்லிலிருந்து புறப்படக் காத்திருக்கும் அம்பு போல் நிற்பது. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா நான்கு சுதேசி நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர் நாய், முதோள் நாய் ஆகியவற்றோடு நான்காவதாக இடம் பெற்றது நம் இராஜபாளையமே. தபால் தலையில் ஏறிய பிராணியைச் சங்கிலியில் கட்டிக் கொல்லைப்புறத்தில் ஆயுள் முழுவதும் நிறுத்தி வைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது வெட்கத்துக்குரிய விஷயம்.

இவை ஓடப் பிறந்தவை. அதுவும் மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி ஓடுபவை. முயலோ, கீரியோ, காற்றில் பறக்கும் காகிதமோ, தொலைவில் ஏதேனும் அசைந்தால் போதும். கண் அதன்மேல் பதியும், கால் கிளம்பும். அந்தக் கணத்தில் யஜமானனுடைய குரல் அதன் காதில் ஏறுவதில்லை. இதைக் கீழ்ப்படியாமை என்று திட்டுவது அறிவீனம். எத்தனையோ தலைமுறைகளாக வேட்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த குணத்தை நாமே ஊட்டிவிட்டு, நாமே கோபித்துக் கொள்வதில் என்ன நியாயம்? வேட்டையோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நின்று போயிற்று. கரிசல் காடெங்கும் மேயும் மயிலைக் குட்டி துரத்திப் பிடித்துவிட்டால், அது நாய்க்கு விளையாட்டு; யஜமானனுக்கு வழக்கு.

ஆகையால் அவிழ்ப்பதற்கு முன்னே அழைப்பைப் பழக்க வேண்டும். இதற்கு ஏற்ற பருவம், குட்டி மிகவும் சிறியதாயிருக்கும் பருவமே. மூன்று மாதக் குட்டி தாயைப் பிரிந்த புதிதில் யார் காலடியாவது தெரிந்தால் அதன் பின்னால் ஓடி வரும். ஐந்து, ஆறு மாதமானதும் உலகம் பெரிதாகி, யஜமானன் சிறியவனாகி விடுகிறான். பலர் செய்வது இதற்கு நேர்மாறு: சின்னதாயிருக்கையில் பயந்து கட்டி வைப்பார்கள், வளர்ந்து முரடானபின் ‘இனி அவிழ்க்கலாம்’ என்று துணிவார்கள்.

ஆனாலும் நோய்த்தடுப்பு ஊசிகள் முடிவதற்கு முன் தெரு மண்ணில் விடுவது ஆபத்து. பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோய்க்கான ஊசியை ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளி விட்டு நான்கு மாதம் வரை போடுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான ஊசி. எனவே முதல் விடுதலை வீட்டு முற்றத்தில், வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு நடக்கட்டும். ஊசி முடிந்தபின் வேலியடைத்த தோட்டம், பிறகு அறுவடையான வெறும் வயல்.

வயலிலும் உடனே முழு விடுதலை வேண்டாம். முப்பது, நாற்பது முழ நீளமுள்ள லேசான கயிற்றைக் கட்டி, நுனியைப் பிடிக்காமல் தரையில் இழுபட விடுவது நல்ல முறை. தான் அவிழ்க்கப்பட்டதாகக் குட்டி நினைக்கும். அவசரத்தில் கயிற்றை மிதித்தால் நின்றுவிடும். இந்தக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்ட வேண்டும். வேகத்தில் சுண்டினால் கழுத்து தாங்காது. கழுத்துப் பட்டையிலும் ஒரு சங்கதி: சிப்பிப்பாறைக்குத் தலை குறுகல், கழுத்து கனம். கடையில் வாங்கும் சாதாரணப் பட்டை, குட்டி பின்வாங்கி ஓர் இழுப்பு இழுத்தால் தலை வழியே கழன்று கையோடு வந்துவிடும். அகலமான பட்டையே அதற்கு உகந்தது.

காலை வேளையில், வயிறு காலியாக இருக்கும்போது அழைத்துச் செல்லுங்கள். மடியில் வேகவைத்த ஈரலோ முட்டைத் துண்டோ இருக்கட்டும். பெயரை ஒரு தரம், உற்சாகமான குரலில் கூப்பிட்டு, குந்தி உட்காருங்கள். அல்லது எதிர்த் திசையில் ஓடுங்கள். துரத்திக்கொண்டு போகாதீர்கள், நாலு கால் பந்தயத்தில் இரண்டு கால் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. வந்ததும் தின்பண்டம் கொடுத்து, மறுபடி ஓட விடுங்கள். பத்து தரம் கூப்பிட்டால் ஒன்பது தரம் திரும்ப விட வேண்டும். கூப்பிட்டால் கயிறு, கயிறென்றால் வீடு என்று ஒரு முறை கணக்குப் போட்டுக் கொண்டதானால், குட்டி கைக்கெட்டாத தூரத்தில் நின்று வாலை ஆட்டும். தாமதமாக வந்ததற்காக அடிப்பவனோ, வந்ததற்காகவே அடிக்கிறான். நாய்க்கு அப்படித்தான் அர்த்தமாகும்.

இராஜபாளையத்துக் குட்டியாயின் இன்னொன்றையும் முதலில் பரீட்சித்துக் கொள்வது அவசியம். அந்த அழகிய வெள்ளை நிறத்துக்கு ஒரு விலை உண்டு. நிறம் தரும் அணுக்கள் தோலில் இல்லாதது போலவே உட்காதிலும் இல்லாது போனால், அங்கே கேள்விப் புலனுக்கு ஆதாரமான பகுதி பிறந்த சில வாரங்களில் நசித்துப் போகிறது. டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். இரண்டு காதும் கேட்காத குட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு காது மாத்திரம் கேட்காத குட்டியே ஏமாற்றும். வீட்டுக்குள் அது சாதாரணமாக நடந்து கொள்ளும். வயல் நடுவே கூப்பிட்டாலோ, சப்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. திகைத்து நின்று, தப்பான திசையில் ஓடத் தலைப்படும். ‘மந்தமான குட்டி’ என்று பழி சுமப்பதும் இதுவே. குட்டி தூங்குகையில், அதிர்வோ காற்றோ படாதபடி, இப்புறமும் அப்புறமும் இருந்து மெல்ல ஒரு விசில் கொடுத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். நிச்சயமாய் அறியக் கருவி கொண்டு செய்யும் சோதனை உண்டு. கேளாத குட்டியைக் கைச்சைகையால் அழகாகப் பழக்கலாம். ஆனால் வேலியில்லாத இடத்தில் அதன் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

நன்றாகக் கேட்கும் குட்டிக்கோ வேறு கஷ்டம். மனிதனுடைய காது இருபதினாயிரம் அதிர்வுக்கு மேல் கேளாது. நாயின் காது அதைப் போல் இருமடங்குக்கும் அதிகமாகக் கேட்கும். வெடிக்கிற இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபெலுக்கு மேல் சப்தமிடும் பட்டாசைச் செய்யவும் விற்கவும் கூடாது என்று 1999-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் எல்லை கட்டியது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் சிவகாசிச் சுற்றுப்புறத்தில் வெடியோசைக்குத் தீபாவளிதான் வர வேண்டுமென்பதில்லை. சரக்கைச் சோதித்துப் பார்க்கும் ஓசை எந்த நாளிலும் எழக்கூடும். அதன்மேல் விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மனின் பங்குனிப் பொங்கலும், இருக்கன்குடியின் ஆடிக் கூட்டமும் உண்டு.

குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் காலம் மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரையில் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுவர். அதற்குள் தூரத்து வெடியைச் சோற்றோடு சேர்த்துப் பழக்குவது சிலாக்கியம்: ‘டப்’ என்றதும் ஒரு முட்டைத் துண்டு. பட்டாசைக் காலடியில் கொளுத்தி ‘தைரியம்’ ஊட்டும் வீரர்களை நாம் அறிவோம். அவர்கள் ஊட்டுவது தைரியமன்று. முதல் விடுதலை நாளன்று பக்கத்தில் ஒரு வெடி வெடித்தால் போதும். பழக்கிய அழைப்பெல்லாம் பறந்து, குட்டி கண்மண் தெரியாமல் ஓடும். பட்டாசு ஆலைக் கொட்டகைகள் உள்ள பக்கமோ, இரயில் பாதையோ, நாற்கரச் சாலையோ அருகில் இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஐப்பசி பிறந்தது முதல் தீபாவளி கழிந்து நாலைந்து நாள் வரையில், எவ்வளவு பழகிய நாயானாலும் கயிற்றோடுதான் வெளியே போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓடியே விட்டால்? பத்துப் பேர் கூச்சலிட்டுத் துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். ஒருவர் மட்டும், அது அவிழ்க்கப்பட்ட அதே இடத்தில், அதன் படுக்கைச் சாக்கை விரித்து, பக்கத்தில் தண்ணீரும் சோறும் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பயம் தெளிந்த குட்டி பெரும்பாலும் தான் புறப்பட்ட இடத்தையே நாடி வரும். சில வேளை விடியற்காலம் கூட ஆகும். அதுவரையில் ஒரு போர்வையும், கூஜாவில் கொஞ்சம் காபியும் கொண்டு போவது உத்தமம்.