பனித்தடத்து வலவன்

பனிக்கட்டியால் இயன்றதொரு நெடிய வாய்க்காலை மனத்திற் கொள்க. மலைச்சரிவில் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் வளைந்து வளைந்து இறங்குவது அது. வளைவுதோறும் அதன் புறக்கரை மதிலென நிமிர்ந்து நிற்கும். அவ்வழியே எஃகுத் தகடுகளின்மேல் அமைந்த வண்டியொன்று, இருவரையோ நால்வரையோ சுமந்து, பாய்ந்து வரும். அதற்கு எந்திரமில்லை, குதிரையில்லை, மலையின் சரிவே அதனை இழுக்கும் விசை. ஒரு நிமிடத்திற்குச் சிறிது கூடக் குறையவே முழுப் பயணமும் முடிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சென் மோரிட்ஸ் நகரிற் பிறந்த இவ்விளையாட்டிற்குப் பாப்ஸ்லே என்று பெயர். முன்னிருக்கையில் அமர்ந்து வண்டியைச் செலுத்துவோனைத் தேர்ப்பாகனுக்கு நம் முன்னோர் வழங்கிய 'வலவன்' என்னும் சொல்லாலேயே இங்குக் குறிக்க விரும்புகின்றேன். அதனினும் பொருந்திய சொல் எனக்குக் கிட்டவில்லை.

வலவன் செய்யும் தொழில் யாது? காண்போர்க்கு அவன் வாளா அமர்ந்திருப்பதாகவே தோன்றும். தொடக்கத்தில் அனைவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவர். ஓட்டம் முற்றும்போது ஒருவர்பின் ஒருவராய் உள்ளே தாவுவர். அதன்பின் முன்தகடுகளோடு பிணைத்த கயிறுகளின் வளையங்கள் வலவனது இரு கைகளிலும் இருக்கும். அவற்றை விரற்கடை அளவே இழுத்தல் வேண்டும். மிகையாக இழுத்தால் தகடு பனியைக் கீறும். கீறுந்தோறும் வேகம் குறையும். இழுக்காது விட்டால் வண்டி கரையின் உச்சிக்கேறிக் கவிழும். வளைவுக்குள் சிறிது முந்தி நுழைந்தாலும் பிந்தி நுழைந்தாலும் அப்பிழை அடுத்த வளைவிற் பெருகும். வரும் வளைவைக் கண்ணாற் கண்டு கைதிருத்த நேரமில்லை. ஆகவே பந்தயத்துக்கு முன்னர்த் தடத்தை அடியடியாய் நடந்து கண்டு நெஞ்சிற் பதித்துக்கொள்வர். பின்னிருப்போன் தடையைப் பிடிப்பது எல்லையைக் கடந்த பின்னரே. வெற்றியும் தோல்வியும் விநாடியை நூறு கூறிட்டு அவற்றுள் ஒன்றிரண்டால் முடிவாதலுமுண்டு.

இத்தொழிலில் ஈடற்று விளங்கியவர் இத்தாலியரான யூஜெனியோ மோந்தி. 1928ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைநாட்டுத் தோப்பியாக்கோ என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையில் அவர் நாடியது வண்டியையன்று. காலிற் கட்டிய பலகைகளோடு பனிச்சரிவில் இறங்கும் ஸ்கீ ஆட்டத்தில் இத்தாலியின் தலைசிறந்த இளைஞருள் ஒருவராய் விளங்கினார். செம்பட்டைத் தலைமயிரும் அஞ்சா விரைவும் கண்டு, 'பறக்கும் செம்மையன்' என்னும் பொருள்பட அவரை அழைத்தனர். 1951இல் வீழ்ந்து முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. அவ்வாட்டம் அவருக்கு அன்றோடு முடிந்தது. அப்போது வயது இருபத்துமூன்று. கால் மறுத்ததைக் கையால் அடைவேன் என்றவர்போல் அவர் பாப்ஸ்லே வண்டியில் ஏறினார்.

1956இல் இத்தாலியின் கொர்த்தினா நகரிற் பனிக்கால ஒலிம்பிக் பந்தயம் நிகழ்ந்தது. இருவர் வண்டியிலும் நால்வர் வண்டியிலும் மோந்தி இரண்டாமிடம் பெற்றார். அதன்பின் உலகப் பந்தயங்கள் அவர் கைப்பட்டன. இருவர் வண்டியில் 1957 முதல் 1961 வரை ஆண்டு தவறாமல் ஐந்து முறை. மீண்டும் 1963இலும் 1966இலும். நால்வர் வண்டியில் 1960, 1961: ஆக ஒன்பது முறை உலக வாகை. எனினும் ஒலிம்பிக் தங்கம் மட்டும் எட்டவில்லை. அவர் உச்சத்தில் நின்ற 1960ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்குவா வாலியிற் பந்தயம் நடத்தியோர் பாப்ஸ்லேக்குத் தடமே அமைக்கவில்லை. அவ்விளையாட்டு அவ்வாண்டு விலக்கப்பட்டது. வல்லவன் ஒருவன் தன் காலத்தைத் தன் பிழையின்றியே இழப்பது எத்துணைக் கொடிது!

நான்காண்டு காத்திருந்து, 1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்குக்கு வந்தபோது மோந்திக்கு வயது முப்பத்தாறு. அங்கு நிகழ்ந்தவற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

இருவர் வண்டிப் பந்தயத்தில் பிரிட்டனின் சார்பில் டோனி நாஷும் ராபின் டிக்சனும் வந்திருந்தனர். தம் நாட்டிற் பனித்தடம் ஒன்றேனும் இல்லாதவர்கள் அவர்கள். பந்தயத்தின் முதல் நாளிலேயே அவர்களது வண்டியிற் பின்னச்சைப் பிணைத்த திருகாணி முறிந்தது. மாற்றாணி இல்லையேல் பந்தயத்தினின்றும் விலகுவதே வழி. செய்தி மோந்திக்கு எட்டியது. தம் ஓட்டம் முடிந்ததும், தம் வண்டியின் திருகாணியைக் கழற்றி அவர்களுக்குக் கொடுக்கச் செய்தார். இக்கதையைச் சொல்வோர் சிறு செய்திகளில் வேறுபடினும், அவர் கொடுக்க முன்வந்ததில் ஐயமில்லை. இறுதியில் நாஷும் டிக்சனும் தங்கம் வென்றனர். மோந்தியின் நாட்டவரான செர்ஜியோ சார்தினி விநாடியில் நூற்றில் 12 கூறு பிந்தி இரண்டாமவரானார், மோந்தி மூன்றாமவர்.

நால்வர் வண்டியிலும் அதுவே நிகழ்ந்தது. கனடாவின் விக் எமெரி முதல் ஓட்டத்திலேயே வியத்தகு விரைவு காட்டினார். ஆனால் அவர் வண்டியின் அச்சு பழுதுற்றது. மோந்தியும் அவருடைய கம்மியரும் சென்று அதனைச் செப்பனிட உதவினர். கனடா தங்கம் வென்றது, ஆஸ்திரியா இரண்டாமிடம், மோந்திக்கு மீண்டும் மூன்றாமிடம்.

'வெல்ல மாட்டார் என்று கருதியவர்க்கு உதவினார், அதில் வியப்பென்ன?' என்று வினவுவாரும் உளர். இவ்வினாவுக்குப் பந்தயக் குறிப்புகளே விடை கூறும். நாஷும் டிக்சனும் முந்திய ஆண்டு உலகப் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றவர்; அதில் முதலிடம் பெற்றவரே மோந்தி. எமெரியின் விரைவோ அன்று யாவரும் கண்டது. ஆகவே யாருக்குக் கொடுக்கின்றோம் என்பதை நன்கறிந்தே கொடுத்தார். மற்றொருபுறம், அவர் தங்கத்தையே தானம் செய்தார் என்று கூறுவதும் மிகைதான். கணக்கிட்டுப் பார்ப்பின், நாஷ் விலகியிருந்தால் தங்கம் சார்தினிக்கும், எமெரி விலகியிருந்தால் ஆஸ்திரியருக்குமே சென்றிருக்கும். மோந்திக்கு வெள்ளியே கிடைத்திருக்கும். ஆனால் இக்கணக்கு பந்தயம் முடிந்தபின் நாம் போடுவது. கொடுத்த வேளையில் ஓட்டங்கள் எஞ்சியிருந்தன, எதுவும் முடிவாகவில்லை.

இத்தாலிய இதழ்களிற் சில அவரைக் கடிந்தன. நாஷ் வென்றது திருகாணியாலன்று, மிக விரைந்து ஓடியதனால் என்பதே மோந்தி அளித்த மறுமொழி. நேரிய ஆட்டத்திற்கெனப் பியேர் தெ குபெர்த்தென் பெயரால் நிறுவிய விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது.

இவ்விளையாட்டின் கொடுமுகத்தையும் மறைத்தல் கூடாது. 1966இல் கொர்த்தினாவில் உலகப் பந்தயம் நிகழ்ந்தபோது மேற்கு ஜெர்மனியின் தோனி பென்ஸ்பெர்கர் விபத்தில் உயிர்துறந்தார். நால்வர் வண்டிப் பந்தயம் கைவிடப்பட்டது. சில வாரங்களுக்குள் அமெரிக்காவின் லேக் பிளாசிட் தடத்திற் சார்தினியும் மாண்டார். மோந்தியை வெள்ளியில் முந்திய அதே சார்தினிதான். இத்தனையும் கண்ட பின்னரும் மோந்தி வண்டியைவிட்டு இறங்கவில்லை. அது துணிவோ, பிடிவாதமோ, நாம் துணிந்து கூறற்கில்லை.

1968இல் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் ஒலிம்பிக் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது. பாப்ஸ்லேத் தடம் ஆல்ப் தியூஸ் மலையில் இருந்தது. குளிர்ப்பொறிகளால் உறையவைக்கும் தடங்கள் அக்காலத்தில் இன்னும் பரவவில்லை. வெயில் பட்டால் பனி இளகும். ஆகையால் கதிரவன் வலுப்பெறுமுன்னரே ஓட்டங்களை முடிக்க வேண்டியிருந்தது. இருவர் வண்டியில் மூன்று ஓட்டங்கள் முடிந்தபோது மோந்தியும் துணைவர் லூச்சியானோ தெ பாவோலிசும், மேற்கு ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் ஃப்ளோத்துக்கு விநாடியிற் பத்தில் ஒரு கூறு பின்னிருந்தனர். நான்காம் ஓட்டத்தை மோந்தி 1 நிமிடம் 10.05 விநாடியில் முடித்தார். பின்னர் ஃப்ளோத் இறங்கினார். 1 நிமிடம் 10.15 விநாடி. நான்கு ஓட்டங்களையும் கூட்டினால் இருவர்க்கும் 4 நிமிடம் 41.54 விநாடி. சற்றும் வேறுபாடில்லை! இருவர்க்கும் தங்கம் என்றே முதலில் அறிவித்தனர். பின்பு, தனி ஓட்டங்களுள் மிக விரைந்ததை உடையவரே முதல்வர் என்னும் விதியைக்கொண்டு மோந்திக்கே தங்கம் என முடிவாயிற்று. நால்வர் வண்டியிலோ, பனி இளகியதால் நான்கு ஓட்டங்கள் இரண்டாகக் குறைந்தன. ஆஸ்திரியரை விநாடியில் நூற்றில் 9 கூறு முந்தி அங்கும் அவரே வென்றார். பன்னிரண்டு ஆண்டு அகன்று நின்ற தங்கம் ஒரே பந்தயத்தில் இருமுறை வந்தடைந்தது.

அத்தோடு அவர் ஓய்வு பெற்றார். முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வருத்தியது. 2003ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 1ஆம் நாள் இறந்தார். கொர்த்தினாவின் பழைய தடத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். 2008இல் மூடப்பட்ட அத்தடத்தைப் பின்னர் இடித்து, 2026ஆம் ஆண்டுப் பனிக்கால ஒலிம்பிக்கிற்கென அவ்விடத்திலேயே புதியதொன்றை எழுப்பினர். அதற்கும் யூஜெனியோ மோந்தி என்பதே பெயர்.