மாடுகளின் மடிநோயில் சைட்டோகைன்களின் பங்கு

சைட்டோகைன்கள் என்பவை உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்காகச் சுரக்கும் சிறு புரதங்கள். அழற்சியைத் தூண்டுபவையும் உண்டு, அடக்குபவையும் உண்டு. கறவை மாடுகளின் மடிநோயில் இவற்றின் வேலை தெளிவாகத் தெரிகிறது.

எஷரிக்கியா கோலை பாக்டீரியா காம்பின் துளை வழியே மடிக்குள் புகுந்ததும், அதன் புறச்சுவரிலுள்ள நச்சுப்பொருளை மடியின் உயிரணுக்கள் இனங்கண்டு, சில மணி நேரத்திலேயே சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-8, இரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களை மடிக்கு ஈர்க்கிறது. இன்டர்லூக்கின்-1, கட்டி நசிவுக் காரணி ஆகியவை இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியச் செய்வதால் மடி வீங்குகிறது, காய்ச்சலும் வருகிறது. இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்ட, இரத்தத்தில் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் பெருகுகிறது. (மனிதரில் இவ்வாறு பெருகுவதில் முதன்மையானது சி-வினைப் புரதம்.) சுரப்பு அளவு மீறினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மாடு இறக்கவும் கூடும். காக்க வந்ததே கேடாவது இங்கேதான்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் புகும்போது நடப்பது வேறு. சைட்டோகைன் சுரப்பு மந்தமாக இருப்பதால் மடி பெரும்பாலும் வீங்குவதில்லை; பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கிருமியோ மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. எனவே வீக்கமில்லாத மடியை நோயற்ற மடி என்று கருதுவது தவறு. 1 மில்லிலிட்டர் பாலில் உயிரணுக்களின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டினால், மடியில் தொற்று இருக்கக்கூடும் என்றே கொள்கின்றனர்.