கரிசல் வெயில், கடல் புழுக்கம், மலைக் குளிர்: பயணத்துக்கு எந்தத் துணி?

பந்தல்குடிப் பக்கம் மே மாதத்தில் காட்டு வேலை பார்க்கும் பெண்களைக் கவனியுங்கள். சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் காதோடு சேர்த்துக் கட்டிய துண்டு. முகத்தையும் விரல்களையும் விட்டால் வெயில் படும் இடமே உடம்பில் இல்லை. வெயில் ஏற ஏறத் துணியைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். ஆனால் உடலியல் சொல்வதும் இந்தப் பெண்கள் செய்வதும் ஒன்றுதான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் கோயில் குளத்துக்கும் வெளியூர் போகிறவர்கள் ஏராளம். பெட்டியில் எதை எடுத்து வைப்பது என்பதைப் பலரும் “அங்கே சூடா, குளிரா?” என்ற ஒரு கேள்வியிலேயே முடித்துவிடுகிறார்கள். அது போதாது. அங்கே காற்றில் ஈரம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

வறண்ட சூடு

வெயில் காலத்தில் நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரை உடம்புச் சூடு தானாக வெளியேறும். கோடையில் காற்று 38, 39 டிகிரியைத் தொடும்போது நிலைமை தலைகீழாகி, வெளிச்சூடு உடம்புக்குள் ஏறுகிறது. அப்போது நம்மைக் காப்பாற்ற மிஞ்சியிருப்பது வியர்வை மட்டுமே. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 88 டிகிரி வரை காய்ச்சத் தேவைப்படும் வெப்பம் அது.

கரிசல் காட்டின் பகல் காற்று வறண்டது. வியர்வை சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆகவே வெயில் நேராகத் தோலில் விழாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும். தொளதொளப்பான முழுக்கைச் சட்டை அதைத்தான் செய்கிறது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகுந்து வெளியேறவும் இடம் கிடைக்கிறது.

சினாய்ப் பாலைவனத்து பெடூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சியது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டும் முன்பே அங்கிக்குள் ஓடும் காற்றோடு வெளியேறிவிட்டது. உடம்பில் ஏறிய வெப்பம் இரண்டு நிறத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. வறண்ட ஊருக்குப் போகிறவர்கள் நிறத்தைவிடத் தளர்வுக்கே முதலிடம் தர வேண்டும்.

புழுக்கம்

இதே சட்டையோடு பேருந்து ஏறித் தூத்துக்குடியில் இறங்கினால் கதை வேறு. வெப்பமானி காட்டும் எண் பந்தல்குடியைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் உடம்பு கசகசக்கும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டி விழும் வியர்வையால் உடம்பு குளிராது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் இந்த வகைதான். அங்கே மெல்லிய, காற்றோட்டமான துணியே ஏற்றது. கழுத்தும் கையும் இறுக்கக் கூடாது.

வளைகுடா நாடுகளைப் பற்றி நம்மவர்கள் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. பாலைவனம்தானே, நம் ஊர் வறண்ட வெயிலைப் போலத்தான் இருக்கும் என்று கிளம்பிவிடுகிறார்கள். துபாய், அபுதாபி போன்ற கரையோர நகரங்களில் கோடைக்காலம் சூடும் புழுக்கமும் சேர்ந்தது. வெட்டவெளி வேலைக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை ஐக்கிய அரபு அமீரகம் தடை விதித்திருப்பது இந்த ஆபத்தை அறிந்துதான். அந்த வெயிலில் எந்தத் துணியும் ஓய்வுக்கும் தண்ணீருக்கும் ஈடாகாது. மாற்றிக்கொள்ளக் கூடுதலாக உள்சட்டைகள் கொண்டுபோவது நல்லது.

மலைக் குளிர்

தரையிலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் நம் சமவெளியைவிட 13 டிகிரி வரை குளிர்ந்திருப்பது இதனால்தான்.

வெயிலில் நமக்குத் துணை நின்ற பருத்தி இங்கே கைவிட்டுவிடும். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் நீரைப் பிடித்துவைக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. மலையேறும்போது வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் லேசில் உலராது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பனியனோடு குளிர்காற்றில் நின்றால் உடம்பு வெடவெடவென்று நடுங்குவது அதனால்தான். உள்ளே சீக்கிரம் உலரும் செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி, நடுவே கனமான கம்பளி, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே அடைபடும் காற்றே குளிரைத் தடுக்கிறது. அதனால் கனத்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய உடைகள் மூன்று மேல். நடக்கும்போது ஒன்றைக் கழற்றலாம், நின்றால் மாட்டிக்கொள்ளலாம்.

ஊர் வழக்கம்

உடம்புக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, போகிற இடத்துக்கும் பொருந்த வேண்டும். திருச்செந்தூரிலும் யாழ்ப்பாணத்து நல்லூரிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டே கோயிலுக்குள் போகிறார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்களுக்கு வேட்டி கட்டாயம். கண்டி தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போக வேண்டும். அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆணும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

வறண்ட நாடுகளில் உடலை மூடும் வழக்கமும், ஈரக் கரையோரங்களில் ஒற்றைத் துணி வழக்கமும் தட்பவெப்பத்துக்கு ஒத்துப்போவதைப் பார்க்கிறோம். ஆனால் உடை வழக்கம் எல்லாவற்றையும் அறிவியல் என்று மெச்சிவிட முடியாது. ஒடுக்கப்பட்ட பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று திருவிதாங்கூரில் இருந்த கட்டுப்பாடு சாதிக் கொடுமையன்றி வேறில்லை. நெடுங்காலம் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகே, 1859-இல், நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை அரசாணையாக வந்தது. உடை ஒருவரின் கொள்கையாகவும் இருக்கலாம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறிய காந்தி, 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோதும் அதை விடவில்லை. குளிருக்குப் போர்வை சேர்த்துக்கொண்டார். அரண்மனையில் மன்னரைச் சந்தித்ததும் அந்தக் கோலத்தில்தான்.

கிளம்பும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: போகிற ஊரில் காற்று வறண்டதா, ஈரமா? உயரம் எவ்வளவு? வெட்டவெளியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? அந்த ஊர் வழக்கம் என்ன? துணி எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். இழைகளின் ஊடே வெளிச்சம் தாராளமாக வந்தால் புற ஊதாக் கதிரும் வரும். எங்கே போனாலும் நம் பக்கத்துத் தறியில் நெய்த நீளமான பருத்தித் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். வெயிலில் தலைக்கு, கோயிலில் இடுப்புக்கு, ரயிலில் போர்வைக்கு என்று அத்தனைக்கும் அது உதவும்.